பதினேழு வயது மேலாளர்

பி.பி.ஏ. படிப்பு, தான் யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் தொடங்குகிறது. முதல் செமஸ்டரின் முதல் தாள் மேலாண்மைக் கோட்பாடுகள். எப்படித் திட்டமிடுவது, வேலையை எப்படிப் பிரித்துக் கொடுப்பது, ஆட்களை எப்படி எடுப்பது, அவர்கள் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று எப்படிக் கண்காணிப்பது என்று புத்தகம் அடுக்கிக்கொண்டே போகிறது. வாசிப்பவர் ஏற்கெனவே ஒரு பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பது அதன் நினைப்பு. எதிரே இருப்பவருக்கோ வயது பதினேழு, மிஞ்சினால் பதினெட்டு. பி.காம். இடம் கிடைக்காமல் இங்கே ஒதுங்கியவர்கள் உண்டு. கணக்கு அதிகம் இருக்காது என்று யாரோ சொன்னதை நம்பிச் சேர்ந்தவர்கள் உண்டு. எப்படியும் அப்பாவின் கடையில்தான் உட்காரப் போகிறான், ஒரு டிகிரி இருக்கட்டுமே என்று அனுப்பிவைக்கப்பட்டவர்களும் உண்டு. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் இது சுயநிதிப் பிரிவில், இரண்டாம் ஷிப்டில் நடக்கும் படிப்பு. மதியத்துக்கு மேல்தான் வகுப்பு என்பதால் காலை நேரம் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் பெட்ரோல் பங்கிலோ துணிக்கடையிலோ கூரியர் அலுவலகத்திலோ நின்றுவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வகுப்புக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு பெஞ்சிலும் இருக்கிறார்கள். முகூர்த்த நாட்களில் கேட்டரிங் போகிறவர்கள் விடிய விடியப் பந்தி பரிமாறிவிட்டுக் கண் எரிய வந்து உட்காருகிறார்கள். யாரை எப்படி வேலை வாங்குவது என்று புத்தகம் சொல்லிக்கொடுக்கும் அதே ஆள், அன்று காலையில்தான் ஒரு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இந்த இரண்டையும் வகுப்பறையில் யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. இந்தப் படிப்பைப் பற்றி எழும் மற்றக் குறைகளெல்லாம், வேலை கிடைப்பதில்லை, ஆங்கிலம் வருவதில்லை, பாடத்திட்டம் பழசு என்பவையெல்லாம், இதற்குப் பிறகுதான் வர வேண்டும் என்று தோன்றுகிறது.

பாடம் டெய்லரிலிருந்து ஆரம்பிக்கிறது. ஃபிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர் 1911இல் வெளியிட்ட அறிவியல் மேலாண்மை நூல், மாணவர் கைக்கு வரும்போது ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியிருக்கிறது. கைப்பழக்கத்தை நம்பாமல் அளந்து பார்ப்பது, வேலைக்கு ஏற்ற ஆளைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, பொறுப்பை நிர்வாகமும் தொழிலாளியும் பகிர்ந்துகொள்வது. நான்கு தலைப்பு, ஐந்து மதிப்பெண். நூலில் டெய்லரே பெருமையோடு விரித்துச் சொல்லும் வார்ப்பிரும்புக் கதை பல வழிகாட்டிப் புத்தகங்களில் ஒரு வரிக்கு மேல் இடம் பெறுவதில்லை. பென்சில்வேனியாவில் உள்ள பெத்லஹெம் ஆலையின் முற்றம். ஒரு இரும்புக் கட்டி 92 பவுண்டு, ஏறக்குறைய 42 கிலோ. குனிந்து தூக்கி, சாய்த்து வைத்த பலகையில் ஏறி, ரயில் வேகனுக்குள் போட வேண்டும். ஓர் ஆள் நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தார். ஷ்மிட் என்று டெய்லர் பெயர் மாற்றி எழுதிய தொழிலாளி நாற்பத்தேழரை டன் ஏற்றினார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். கட்டிக் கணக்கில் சொன்னால், ஒரு நாளில் 1,156 தடவை குனிந்து நிமிர வேண்டும். கதையில் மிகை நிறைய என்று பிற்கால ஆய்வாளர்கள் ஆலைப் பதிவேடுகளைக் கொண்டு காட்டியிருக்கிறார்கள். ஷ்மிட் வாய் திறந்து பேசுவதாக வரும் இடமும் டெய்லரின் கைவண்ணம்தான். அந்த ஆலையில் பெரும்பங்கு வைத்திருந்தவர் ஜோசப் வார்ட்டன். இவர் 1881இல் ஒரு லட்சம் டாலர் கொடுத்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கவைத்த பள்ளியில்தான் இளநிலை மாணவர்களுக்கு வணிகம் கற்பிக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேர்விட்டது. அந்தக் கட்டிகளுக்கும் இந்தப் பட்டத்துக்கும் ஆரம்பத்திலிருந்தே பழக்கம் உண்டு. தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஷ்மிட்டின் முதுகு வருவதில்லை.

டெய்லருக்கு அடுத்தது ஃபயோல். ஆன்றி ஃபயோல் சுரங்கப் பொறியாளர். 1860இல் பத்தொன்பது வயதில் ஒரு பிரெஞ்சு நிலக்கரி நிறுவனத்தில் சேர்ந்து, 1888 முதல் முப்பது ஆண்டுகள் அதன் தலைமை நிர்வாகியாக இருந்தவர். பதினான்கு கோட்பாடுகளை அவர் அச்சில் கொண்டுவந்தது 1916இல், எழுபத்தைந்தாவது வயதில். சுரங்கத்துக்குள் தீப்பிடித்ததையும் நிலம் சரிந்ததையும் நஷ்டக் கணக்கையும் அரை நூற்றாண்டு பார்த்த ஒருவர், கடைசியில் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது என்று எழுதிவைத்த வாக்கியங்கள் அவை. இங்கே அவை தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றன. வேலைப் பகிர்வு, அதிகாரம், ஒழுக்கம், ஒரே தலைமை என்று பதினான்கையும் வரிசை பிசகாமல் சொல்ல முதலெழுத்துகளைக் கோத்து ஒரு சூத்திரம் செய்து, ஹாஸ்டல் வராந்தாவில் நடந்துகொண்டே ஒப்பிக்கிறார்கள். மேலாளரின் வேலைகளை முதலெழுத்துகளால் சுருக்கி லூதர் குலிக் 1937இல் அறிமுகப்படுத்திய போஸ்ட்கார்ப் (POSDCORB) பிறக்கும்போதே சூத்திரம்தான் என்பதால் அதில் சிரமம் குறைவு. எழுத்துத் தேர்வுக்கு எழுபத்தைந்து, இன்டர்னலுக்கு இருபத்தைந்து என்ற கணக்கில் இதற்கெல்லாம் மதிப்பெண் விழுந்துவிடும். தமிழ்வழியில் படித்து வந்தவர் இந்த ஆங்கிலச் சொற்களை அர்த்தத்துக்கு முன்னால் ஒலியாகவே பிடித்துக்கொள்கிறார். மோசமாகவும் எழுதுவதில்லை.

அனுபவமே இல்லாத ஒருவருக்கு மேலாண்மையைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்ற கேள்வி புதிதல்ல. ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்து, 1973இல் ஒரு நூல் எழுதினார். அவர்கள் திட்டமிட்டு, ஒழுங்குபடுத்தி, கட்டுப்படுத்திக்கொண்டிருக்கவில்லை. அவர்கள் செய்த காரியங்களில் பாதி, ஒன்பது நிமிடம்கூட நீடிக்காதவை. போன், வாசலில் வந்து நிற்கும் ஆள், பாதியில் விட்ட கடிதம், மறுபடி போன். வேலை பார்த்திராத இளைஞர்களை உட்காரவைத்து மேலாளர் ஆக்குவது வீண் என்று 2004இல் இன்னொரு நூலும் எழுதினார். அவர் கண்டித்தது எம்.பி.ஏ.வை. பி.பி.ஏ.வை நினைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது கடினமல்ல. அமெரிக்காவிலேயே 1959இல் ஃபோர்டு அறக்கட்டளைக்காக கார்டனும் ஹொவலும் எழுதிய அறிக்கை, இளநிலை வணிகப் படிப்புகள் தரம் குறைந்தவை, மிகக் குறுகிய தொழிற்பயிற்சியாகச் சுருங்கிவிட்டவை என்று சாடியிருந்தது. அதே அறக்கட்டளையின் உதவியோடு 1961இல் அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் ஐ.ஐ.எம்.கள் எழுந்தபோது அவை முதுநிலைக்கு மட்டுமே கதவு திறந்தன. ப்ளஸ் டூ முடித்தவர்களை ஐந்தாண்டுப் படிப்புக்குச் சேர்க்கும் வழக்கம் இந்தூர் ஐ.ஐ.எம்.மில் 2011இல்தான் வந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க, இளநிலை மேலாண்மை என்பது பல்கலைக்கழகங்களோடு இணைந்த சாதாரணக் கல்லூரிகளின் பாடாகவே இருந்தது.

இதற்கு முன்னால் தமிழ்நாட்டில் நிர்வாகம் கற்றவர்கள் வேறு வரிசையில் கற்றார்கள். நகரத்தார் கடைகளில் ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கப்பலேறிய சிறுவன் முதலில் பெட்டியடிப் பையன். எடுபிடி வேலை, கூட்டல் சரிபார்ப்பது, பெரியவர்கள் பேசுவதைக் காதில் வாங்குவது. பிறகு அடுத்தாள். அதற்கும் பிறகுதான் கடைப் பொறுப்பை ஏற்கும் மேலாள், ஏஜெண்டு. ஒரு தடவை போனால் மூன்று ஆண்டு கணக்கு. இன்றைய பட்டத்துக்கும் அதே மூன்று ஆண்டு என்பது தற்செயல்தான். ஆனால் அங்கே மேலாளாக ஆனவருக்குப் பெட்டியடியில் உட்கார்ந்த இடம் ஞாபகத்தில் இருக்கும். அந்த முறையை நினைத்து ஏங்குவதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. கடைக்குள் போகும் வாசல் சொந்தச் சாதிப் பையன்களுக்குத்தான் திறந்தது. 1886இல் சென்னையில் பச்சையப்பன் அறக்கட்டளை வணிகப் பள்ளி தொடங்கியபோது அந்த வாசல் கொஞ்சம் அகலமானது. இன்று ப்ளஸ் டூ தேறிய யாரும் பி.பி.ஏ. சேரலாம். கூலிவேலை செய்பவரின் மகள் ஃபயோலைப் படிக்கிறாள் என்பது சிறிய விஷயமில்லை. அவள் எந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று புத்தகம் எதிர்பார்க்கிறது என்பதில்தான் உறுத்தல்.

கணக்குப் பதிவியல் தாள் மட்டும் இந்த உறுத்தலுக்குத் தப்பிவிடுகிறது. அது யாரையும் மேலாளர் என்று முகஸ்துதி செய்வதில்லை. ரெட்டி, மூர்த்தி புத்தகத்தின் கணக்குகளைப் போட்டுப் பார்க்கும் மாணவருக்கு முன்னால் இருப்பது இரண்டு பத்தி, இரண்டு கூட்டுத்தொகை. சரியாக வந்தால் வந்தது, இல்லையென்றால் இல்லை. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாமல் 180 ரூபாய் இடிக்கும்போது, பழகிய ஆசிரியர் முதலில் ஒன்பதால் வகுத்துப் பார்க்கச் சொல்வார். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 5,640 என்பது 5,460 என்று இறங்கியிருக்கும். அதில் அகப்படவில்லை என்றால் வித்தியாசத்தில் பாதி, 90 ரூபாய், எந்தப் பதிவில் இருக்கிறது என்று தேட வேண்டும். பற்றில் வர வேண்டியது வரவில் விழுந்திருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் தெரியும். இது எந்தக் கோட்பாட்டாளர் பெயரிலும் இல்லை. கணக்குப்பிள்ளைகளின் விரல் நுனியில் இருந்த அறிவு, புத்தகத்தின் ஓரத்தில் பென்சில் குறிப்பாகக் கைமாறி வருகிறது. பி.பி.ஏ. மாணவர்கள் அதிகம் அரியர் வைக்கும் தாள் எது என்று கேட்டால் துறைத்தலைவர்கள் இதைத்தான் சொல்வார்கள். பட்டம் வாங்கிய பிறகு எதில் பிழைத்தாய் என்று பழைய மாணவர்களைக் கேட்டாலும் பலர் சொல்வது இதுவாகவே இருக்கிறது, கூடவே வெளியில் தனியாகப் பணம் கட்டிக் கற்ற டேலி மென்பொருள்.

இரண்டாம் ஆண்டில் நிறுவன நடத்தையியல் வருகிறது. மாஸ்லோவின் தேவைப் படிநிலை எல்லா விடைத்தாளிலும் முக்கோணமாக, அடிக்கோல் வைத்து, ஸ்கெட்ச் பேனாவால் ஐந்து அடுக்காக வரையப்படுகிறது. 1943இல் வந்த அவருடைய கட்டுரையில் முக்கோணம் கிடையாது, அது பிற்பாடு மற்றவர்கள் வரைந்தது. ஆனால் முக்கோணம் இல்லாவிட்டால் இரண்டு மதிப்பெண் குறையும். ஹாதார்ன் ஆய்வும் இதே தாளில்தான். சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்தது. வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது, ஏனென்றால் தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்று தொழிலாளிகள் உணர்ந்தார்கள் என்பதே பாடம் சொல்லும் கதை. ரிலே பொருத்தும் அறையில் தனியாக வைத்துக் கவனிக்கப்பட்ட ஐந்து பெண்களில் இருவர், அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்று 1928 தொடக்கத்தில் விலக்கப்பட்டு வேறு இருவர் அமர்த்தப்பட்டார்கள். மனித உறவுகள் இயக்கத்தின் தொட்டிலில் நடந்த இந்த ஆள்மாற்றத்தைப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. வேலை நேரத்தில் பேசியதற்காகக் கடையில் அபராதம் கட்டிய மாணவி ஒருத்தி வகுப்பில் இருந்தால், இந்த ஒரு தகவலில் அந்த ஆய்வு முழுவதும் அவளுக்குப் புரிந்துவிடும். மாஸ்லோவை மறந்தாலும் இதை மறக்க மாட்டாள்.

சில்லறை வணிக மேலாண்மையில் கடையின் உள்ளமைப்பு பற்றி ஒரு அலகு உண்டு. வாடிக்கையாளர் எந்தப் பக்கம் திரும்புவார், கண் மட்டத்தில் எந்தச் சரக்கு இருக்க வேண்டும், கல்லாவுக்குப் பக்கத்தில் எதை அடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. விற்பவர் எங்கே உட்காருவார் என்பது இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021இல் திருத்தப்பட்டு, கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தந்தாக வேண்டும் என்று விதி வந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்று புடவை விரித்துக் காட்டியவர்களின் வீங்கிய கால்கள் சட்டசபை வரை போய்ச் சேர்ந்த கதை அது. சில்லறை வணிகம் படிக்கும் மாநிலத்திலேயே நடந்த மாற்றம், நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வரும் மாணவர்களுக்கு முன்னால் உச்சரிக்கப்படாமல் போகிறது. தொழிற்சாலைப் பார்வைக்கு அழைத்துப் போகும்போதும் இதே கதைதான். ஐ.வி. என்றால் ஊட்டியா மூணாறா என்பதில் காட்டும் அக்கறையை எந்த ஆலை என்பதில் யாரும் காட்டுவதில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். போன இடத்தில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நடைபாதை, அந்தப் பக்கம் தலையில் வலைத்தொப்பி போட்ட பெண்கள். மனிதவள அதிகாரி உற்பத்தித் திறன் சொல்கிறார், மாணவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்காவோ சித்தியோ வேலை பார்க்கும் வீட்டிலிருந்து வந்தவர்களும் அந்தக் குறிப்பேட்டுக்காரர்களில் இருப்பார்கள்.

ஆனாலும் இந்தப் புத்தகங்களைத் தலைகீழாகப் படிக்க முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஆளுக்கு ஒருவரிடமிருந்தே உத்தரவு வர வேண்டும் என்பது ஃபயோலின் கோட்பாடுகளில் ஒன்று. மேலாளருக்கு அது ஒரு விதி. கல்லாவில் இருப்பவர் ஒன்று சொல்லி, ஃப்ளோர் சூப்பர்வைசர் வேறொன்று சொல்லி, முதலாளியின் மச்சான் வந்து இரண்டையும் மாற்றிச் சொல்ல, கடைசியில் மூன்று பேரிடமும் ஏச்சு வாங்குகிற பையனுக்கு அது விதி மட்டும் அல்ல. தவறு தன் மந்தத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது என்று அவனுக்கு முதல்முறையாக அச்சில் கிடைக்கும் ஆறுதல் அது. பொறுப்புக்குத் தக்க அதிகாரம் வேண்டும் என்ற வரியும் அப்படியே. சரக்கு குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள், ஆனால் கிடங்குச் சாவி கையில் இல்லை என்ற நிலையை ஒருவர் அனுபவித்திருந்தால், அந்த வரி அவருக்குள் மனப்பாடமாக இறங்குவதில்லை, வாதமாக இறங்குகிறது. ஆக, மின்ட்ஸ்பெர்க் சொன்ன அனுபவக் குறை இந்த மாணவர்களிடம் முழுக்கப் பொருந்தவில்லை. அவர்களிடம் அனுபவம் இருக்கிறது. புத்தகம் எதிர்பார்க்கிற பக்கத்து அனுபவமாக இல்லாததால் அது வகுப்பில் கணக்கில் வரவில்லை.

மூன்றாம் ஆண்டின் மனிதவள மேலாண்மையில் இது இன்னும் கூர்மையாகிறது. ஊக்க ஊதியத் திட்டங்களில் மறுபடி டெய்லர். துண்டு வேலைக்கு இரண்டு வேறு கூலி வைக்கும் முறையை அவர் 1895இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் முன் ஒரு கட்டுரையாக வைத்தார். மிட்வேல் எஃகு ஆலையிலிருந்து அவர் தரும் கணக்கு எளிமையானது. நாளைக்குப் பத்து உருப்படியும் பழுதில்லாமல் முடித்தால் உருப்படிக்கு 35 சென்ட். பத்துக்குக் குறைந்தால் 25 சென்ட். பத்து முடித்தவருக்கு மூன்றரை டாலர், ஒன்பது முடித்தவருக்கு இரண்டேகால். பத்தாவது உருப்படி ஒன்றின் விலை மட்டும் ஒன்றேகால் டாலர் என்று ஆகிறது. மாலையில் உணவு விநியோகத்துக்கு வண்டி ஓட்டும் மாணவருக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. இத்தனை ஆர்டர் முடித்தால் ஊக்கத்தொகை, ஒன்று குறைந்தாலும் அது கிடையாது என்று அவருடைய கைபேசித் திரை தினமும் சொல்கிறது. ராத்திரி பத்தரைக்கு மழையில் அந்தக் கடைசி ஆர்டருக்காக ஒரு பிரியாணிக் கடை வாசலில் நிற்பது எதனால் என்று அவருக்குத் தெரியும். அதற்கு 130 ஆண்டு வயது, அதற்கு ஒரு பெயர் உண்டு, அது நாளைய தேர்வில் வரக்கூடிய கேள்வி என்பதைச் சேர்த்துச் சொல்லத்தான் ஆளில்லை. தொழிற்சங்கம் என்ற அலகும் இதே தாளில் கடைசியில் இருக்கிறது. அங்கே அது நிர்வாகம் சமாளிக்க வேண்டிய ஒரு சூழல். 1918இல் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு பி.பி. வாடியா, திரு.வி.க. முதலானோர் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள் என்பது வந்தால் ஒரு வரியில் வரும். அலகு ஐந்து என்பதால் பெரும்பாலும் அதற்குள் பருவம் முடிந்துவிடும்.

புராஜெக்ட் இந்தப் படிப்பின் கடைசிப் படி. தலைப்புகள் ஒரே அச்சில் வார்த்தவை. இன்ன ஊரைச் சிறப்பாகக் கருத்தில் கொண்டு இன்ன நிறுவனத்தில் வாடிக்கையாளர் திருப்தி, அல்லது பணியாளர் திருப்தி பற்றி ஓர் ஆய்வு. ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் முன்வைத்த அளவுகோல் ஐந்து கட்டமாக ஜெராக்ஸ் தாளில் வந்து நிற்கிறது, மிகவும் திருப்தி என்பதிலிருந்து மிகவும் அதிருப்தி வரை. வாடிக்கையாளர் என்றால் வாட்ஸப்பில் கூகுள் படிவம் சுற்றும், சித்தப்பா முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை நிரப்பித் தருவார்கள். பணியாளர் திருப்தி என்றால் விஷயம் வேறு. ஆலைக்குள் மாணவரை விடுவதில்லை. நூறு படிவங்களை மனிதவளப் பிரிவில் கொடுக்க வேண்டும், அங்கிருந்து அவை சூப்பர்வைசர் கைக்குப் போகும், சாப்பாட்டு இடைவேளையில் அவர் முன்னிலையில் நிரப்பப்பட்டு நாலைந்து நாளில் திரும்பும். ஒரே நீல மையில், சம்பளமா, கழிப்பறையா, மேலதிகாரியா என்று எது கேட்டாலும் திருப்தி என்ற இரண்டாவது கட்டத்தில் டிக். மிகவும் திருப்தி என்று போட்டால் நம்ப மாட்டார்கள் என்பது சூப்பர்வைசருக்கும் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு சதவீதம், வட்ட வரைபடம், கை-வர்க்கச் சோதனை. வயதுக்கும் திருப்திக்கும் தொடர்பில்லை என்று முடிவு. நிறுவனம் விளம்பரத்தை அதிகரிக்கலாம் என்று யோசனை. வைவாவுக்கு வரும் வெளித்தேர்வாளர் சாம்பிள் அளவு எவ்வளவு என்று கேட்பார். படிவத்தை யார் நிரப்பினார்கள் என்று கேட்டால் அந்த அறிக்கையே ஒரு நல்ல ஆய்வாக மாறத் தொடங்கும். அந்தக் கேள்விக்கு மாணவரிடம் பதில் இருக்கிறது, ஆனால் அதை எழுத ஸ்பைரல் பைண்டிங்குக்குள் அத்தியாயம் இல்லை.

2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ. படிப்பு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி வரம்புக்குள் வந்துவிட்டது. மாதிரிப் பாடத்திட்டமும் வந்திருக்கிறது. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் திறன் வகுப்புகள் 2022 முதல் சேர்ந்திருக்கின்றன. தாள்களின் பெயர்கள் மாறுகின்றன, தரவுப் பகுப்பாய்வு வருகிறது, டிஜிட்டல் சந்தைப்படுத்தல் வருகிறது. வாசிப்பவர் மேசைக்குப் பின்னால் இருக்கிறார் என்ற நினைப்பு மட்டும் புதிய தாள்களிலும் அப்படியே இருக்கிறது. படிப்பு முடிந்து வளாகத் தேர்வில் கிடைக்கும் வேலைகளின் பட்டியலோ வேறு மாதிரி: தொலைபேசி விற்பனை, கடன் அட்டை, நுண்கடன் வசூல், காப்பீடு, ஆள் பிடித்துக் கொடுக்கும் நிறுவனங்களில் ரெக்ரூட்டர். நியமனக் கடிதத்தில் பதவி எக்ஸிகியூட்டிவ் என்றுதான் இருக்கும். கீழே பணியாளர் ஒருவரும் இல்லை. இரண்டாம் பக்கத்தில் மாத இலக்கும், இலக்கில் எத்தனை சதவீதம் முடித்தால் எவ்வளவு ஊக்கத்தொகை என்ற அட்டவணையும் இணைக்கப்பட்டிருக்கும். வசதி உள்ளவர்கள் எம்.பி.ஏ. சேர்வார்கள், அங்கே முதல் பருவத்தின் முதல் தாள் மேலாண்மைக் கோட்பாடுகள். மற்றவர்கள் அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்ந்து, அந்த அட்டவணையில் எந்த வரிக்குக் கீழே போனால் சம்பளம் சரியும் என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்வார்கள்.